ஒட்டகச்சிவிங்கியும் பீச்சாங்கையும்

1956 மே 14, திங்கள்

இந்த டைரி பீர் கம்பெனி ஜனவரியில் இனாமாகக் கொடுத்தது. இத்தனை நாள் ஆடுகிற தராசுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தேன். இன்று கம்பெனி ஆள் குலசிங்கம் வந்தவர் அதைப் பார்த்துவிட்டார்.

"என்ன அம்மா, எழுதக் குடுத்த புத்தகத்துக்கு மேல தராசை வச்சிருக்கிறியள்? எந்த எஸ்டேட்டில என்ன கேக்கினம் எண்டு ஒவ்வொரு நாளும் எழுதி வையுங்கோ. நாளைக்கு உதவும்."

யாழ்ப்பாணத்துப் பேச்சு. ஈப்போவில் ஜாகை. மனைவி இறந்து ஆறு வருஷமாம், வேனில் ஊர் ஊராகப் போகிறார். சரி, எழுதுகிறேன்.

பெயர் நாகரத்தினம். வயது நாற்பத்தொன்று. தாப்பா பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மளிகைக் கடை, பீர் விற்க லைசென்ஸ் உண்டு. கடையை வீராசாமியிடமிருந்து நான் வாங்கி ஒன்பது வருஷம் ஆகிறது. போர்டில் இன்னும் அவர் பெயர்தான். ஊரும் வீராசாமி கடை என்றுதான் சொல்கிறது. அவர் போய்ச் சேர்ந்தே நாலு வருஷம்.

கம்பெனியின் பீர் நன்றாகவே இருக்கிறது. விற்கத்தான் மாட்டேன் என்கிறது. காரணம் எனக்குத் தெரியும், கம்பெனிக்குத் தெரியாது. இங்கே யாரும் லேபிளில் எழுத்துப் படித்து வாங்குவதில்லை, படத்தைச் சொல்லி வாங்குவார்கள். மார்க்கைச் சாப்பு என்பார்கள்: மயில் படம் போட்டது மயில் சாப்பு, கப்பல் போட்டது கப்பல் சாப்பு. இவர்கள் போட்டிருப்பது ஒட்டகச்சிவிங்கி. ரப்பர் பால் வெட்டிவிட்டுக் களைத்து வருகிறவன் வாயில் அது நுழையுமா?

"அக்கா, அந்த... கழுத்து நீளமா... ஒட்ட... ஒட்டச்சி... சீ, விடுக்கா, ரெண்டு மயில் குடு."

தினம் இதே கதைதான். முதல் போத்தலுக்கே இந்தப் பாடு. இரண்டாவது போத்தலை எப்படிக் கேட்பான்?

குலசிங்கம் இன்னொன்றும் சொன்னார். தாப்பா, பீடோர் பக்கத்து எஸ்டேட்டுகளுக்கெல்லாம் ஒரே ஒரு சப்-ஏஜெண்ட் போடப் போகிறார்களாம். தீபாவளி வியாபாரத்தைப் பார்த்து முடிவு செய்வார்களாம். எஸ்டேட் எஸ்டேட்டாக இனாமல் பூசிய தகரப் போர்டு அடிக்கிறார்கள், அதில் கீழ் வரியில் ஏஜெண்ட் பெயர் வரும்.

"பெயர் என்றால் கடைப் பெயரா, ஆள் பெயரா?" என்று கேட்டேன்.

"ஆளின்ர பேர்தான் அம்மா. இனாமல் எழுத்து. அம்பது வருசத்துக்கு அழியாது."

எனக்கு அது வேண்டும்.

மே 16, புதன்

விளம்பரப் படம் எடுக்கச் சிங்கப்பூரிலிருந்து லியோங் என்ற சீன ஓவியர் வந்தார். போட்டோ எடுத்துக்கொண்டு போய் அதைப் பார்த்து வரைவாராம். மலாயில்தான் பேசிக்கொண்டோம். பெண் முகத்தைப் பீரோடு போட்டால் தமிழர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று கம்பெனிக்குப் பயம். அதனால் கை மட்டும்: கண்ணாடி வளையல் போட்ட கை, நுரை ததும்பும் கிளாஸை நீட்டுகிற மாதிரி. என் கையே போதும் என்றார். அவரைக் கூட்டி வந்த குலசிங்கம் ஐஸ் வாங்கப் போயிருந்தார்.

மூன்று தடவை நீட்டினேன். "விறைப்பாக இருக்கிறது, இயல்பாகச் செய்யுங்கள்" என்றார். அவர் ஏதோ வேடிக்கை சொன்னார், சிரித்தேன், அப்போது எடுத்துக்கொண்டார். எனக்கு எது இயல்பு என்று அவருக்கென்ன தெரியும்.

வேலை முடிந்ததும் அந்தக் கிளாஸையே அவருக்குக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவர்கள் மரியாதை அப்படி.

மிளகாய் வற்றல் ஈரம். மாடியில் காயப் போட வேண்டும்.

ஜூன் 9, சனி

லியோங் ஒரு உறை அனுப்பியிருந்தார். உள்ளே அன்றைக்கு எடுத்த போட்டோ ஒன்று. கை மட்டும் என்றாரே தவிர முழுசாகவே எடுத்திருக்கிறார். நான் சிரிக்கிறேன். ஒரு பல் தூக்கலாக இருக்கிறது. இப்படிச் சிரிப்பேன் என்று எனக்கே தெரியாது.

டைரியின் கடைசிப் பக்கத்தில் செருகி வைத்தேன். யாருக்கும் காட்டுகிற படம் இல்லை அது.

ஆகஸ்ட் 20, திங்கள்

போர்டுகள் வந்துவிட்டன. நாற்பது. மூன்றடி உயரம், மஞ்சள் பின்னணி, நடுவில் கை, கையில் கிளாஸ், கிளாஸில் ஒட்டகச்சிவிங்கி. கீழே வெற்று வெள்ளைப் பட்டை. அதில்தான் பெயர் எழுதுவார்கள்.

என் மணிக்கட்டில் பழைய தழும்பு ஒன்று உண்டு. அதை மறைக்க லியோங் இரண்டு வளையல் கூடுதலாகப் போட்டிருக்கிறார். நல்ல மனசுக்காரர்.

ஆனால் அது இடது கை.

குலசிங்கம் போர்டைக் கடை முகப்பில் மாட்டிவிட்டு பீடோருக்குப் போய்விட்டார். அவர் கண்ணில் படவில்லை. கால் மணி நேரத்தில் பேச்சாயி வந்தாள். மூன்றாம் டிவிஷனில் பால் வெட்டுகிறவள், வாய்க்குப் பூட்டுக் கிடையாது.

"ஏ நாகுக்கா! யாருக்கா இவ, பீச்சாங்கையால நீட்டுறா? வாங்குறவன் வெளங்கவா?"

பஸ்ஸுக்கு நின்ற ஆட்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு சிரித்தார்கள்.

ஆகஸ்ட் 21, செவ்வாய்

குலசிங்கம் ஓடி வந்தார். பீடோரிலும் சிரிக்கிறார்களாம்.

"என்ன அம்மா இது? இடக்கை! நீங்கள் எந்தக் கையால நீட்டினனீங்கள்?"

"வலது கையாலதான். அச்சடிக்கும்போது படத்தைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள்" என்றேன்.

வாய்க்கு அதுவாகவே வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். "எந்தத் தமிழ்ப் பெண்ணாவது இடது கையால் கொடுப்பாளா?" என்றும் சொன்னேன். அவர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

"நல்லாச் சொன்னியள். இண்டைக்கே சிங்கப்பூருக்கு எழுதுறன்."

பிற்பகல், முன் தட்டிலிருந்த, கம்பெனி கொடுத்த ஒட்டகச்சிவிங்கி படம் போட்ட கிளாஸ்களை எல்லாம் மேல் தட்டில் பின்வரிசைக்கு மாற்றினேன். முன்னால் இருந்தால் தூசி படிகிறது.

ஆகஸ்ட் 22, புதன்

எழுதி வைப்பதே உண்மைக்குத்தான் என்றால் இதையும் எழுத வேண்டும். தூசிக்காக மாற்றவில்லை. கிளாஸில் ஒட்டகச்சிவிங்கி வலது பக்கம் பார்க்கிறது. போர்டிலும் வலது பக்கமே பார்க்கிறது. படத்தைத் திருப்பியிருந்தால் அது இடது பக்கம் அல்லவா பார்க்க வேண்டும்? கிளாஸை எடுத்துப் போர்டுக்குப் பக்கத்தில் ஒருவர் பிடித்தால் போதும்.

ஆகஸ்ட் 30, வியாழன்

மழை. நல்லெண்ணெய் இன்னும் வரவில்லை.

செப்டம்பர் 6, வியாழன்

ஒரு வேடிக்கை. இரண்டு வாரமாக எஸ்டேட் ஆட்கள் வந்து கேட்கிறார்கள்.

"அக்கா, பீச்சாங்கை ஒண்ணு."

"பீச்சாங்கை பீரு ரெண்டு போத்தல், ஐஸுல வச்சதா பாத்துக் குடு."

கேட்டுவிட்டு அவர்களே சிரிக்கிறார்கள். ஆனால் கேட்கிறார்கள். வாயில் நுழைகிற பெயர் கிடைத்துவிட்டது. ஒட்டகச்சிவிங்கி இத்தனை விற்று நான் பார்த்ததில்லை. வியாபாரி சந்தோஷப்பட வேண்டிய விஷயம். எனக்கு ஒவ்வொரு முறை அந்தச் சொல்லைக் கேட்கும்போதும் காது சுடுகிறது.

செப்டம்பர் 8, சனி

கங்காணி சடையப்பன் வந்தார். எஸ்டேட் கோயிலுக்கும் அவர்தான் தலைவர். நூற்றிருபது வீட்டில் தீபாவளிக்கு எந்தப் பீர் போகும் என்பது அவர் தலையசைப்பில் இருக்கிறது. போர்டுக்கு முன்னால் நின்று கைத்தடியால் ஒரு தட்டுத் தட்டினார்.

"இந்தா தாயி. வருசத்துக்கு ஒரு நல்ல நாளு. அன்னைக்குப் போயி பீச்சாங்கையால நீட்டுனத வீட்டுக்குள்ள கொண்டு போவமா? சனம் இப்பச் சிரிக்கும், நல்ல நாள்ல வாங்காது. நானும் வாங்க விட மாட்டேன்."

"அச்சுப் பிழை கங்காணி. மாற்றச் சொல்லியிருக்கிறேன்."

"மாத்திட்டா சரி. நீ வெவரமான பொம்பள. கடையில ஒருநாளாச்சும் இடது கையால நீ சாமான் குடுத்துப் பாத்திருக்கேனா?"

இல்லை. பார்த்திருக்க மாட்டார். இருபது வருஷத்துக்கு மேலாகப் பழக்கிய பழக்கம்.

செப்டம்பர் 13, வியாழன்

சிங்கப்பூரிலிருந்து கடிதம். இங்கிலீஷில் இருந்ததைக் குலசிங்கம் படித்துச் சொன்னார். முகமெல்லாம் சிரிப்பு.

ஒன்று: பிழையைக் கண்டுபிடித்ததற்கு மேனேஜர் எனக்கு நன்றி சொல்கிறார். தமிழர் பழக்கம் தெரிந்த இப்படி ஒருவர்தான் வேண்டுமாம். தீபாவளி வரை காத்திருக்க வேண்டாமாம், சப்-ஏஜெண்ட் நான்தான்.

இரண்டு: வலது கையை வைத்துப் புதிய போட்டோ எடுக்க ஈப்போவிலிருந்து ஆள் வருவார். புதிய போர்டின் கீழ்ப் பட்டையில் என் பெயர்.

மூன்று: படத்தைத் திருப்பிப் போட்ட லியோங் இந்த மாதக் கடைசியோடு நிறுத்தப்படுகிறார்.

"அவர் என்ன சொல்கிறார்?" என்று கேட்டேன்.

"தான் திருப்பேல்லை எண்டு சத்தியம் பண்ணுறாராம். ஆர் நம்புறது? தமிழ்ப் பெண் இடக்கையால குடுக்க மாட்டாள் எண்டு நீங்களே சொல்லியிருக்கிறியள். மேனேசர் அந்த வரியை அப்பிடியே அவருக்குக் காட்டினவராம்."

குலசிங்கத்துக்கு டீ போட்டுக் கொடுத்தேன். வலது கையால்.

செப்டம்பர் 14, வெள்ளி

உளுந்தில் வண்டு. புடைத்தேன்.

செப்டம்பர் 16, ஞாயிறு

கடை அரை நாள். வேறு வேலை இல்லாததால் எழுதுகிறேன்.

மணிக்கட்டுத் தழும்பு அம்மா வைத்த சூடு. ஏழு வயது, இடது கையால் சோற்றை எடுத்தேன். அம்மாவைக் குறை சொல்லவில்லை. போகிற வீட்டில் என்னை அடிப்பார்களே என்று அவளுக்குப் பயம்.

பதினாறில் பால் வெட்டப் போனேன். கத்தி வலது கைக்கென்றே அடித்தது, மரத்தில் கோடும் வலது கைக்குத் தோதாகவே சரியும். என் கையில் பட்டை பிய்ந்தது. "மரத்தைக் கொல்றியா?" என்று புல்லு வெட்டும் கூட்டத்துக்குத் தள்ளிவிட்டார்கள். கூலி குறைவு. புல்லு வெட்டுகிறவர்களுக்கு வடை சுட்டு விற்க ஆரம்பித்தது அங்கேதான். அந்த வகையில் இந்தக் கடையே என் இடது கை கொடுத்ததுதான்.

நடுவில் ஒரு கல்யாணம். ஐந்து மாதம். விருந்தாட்களுக்கு அவசரத்தில் இடது கையால் குழம்பு ஊற்றிவிட்டேன். அதோடு சரி.

போதும். லியோங்குக்குக் குழந்தைகள் உண்டா என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது நல்லது.

செப்டம்பர் 20, வியாழன்

ஈப்போ ஸ்டூடியோக்காரரோடு குலசிங்கம் வந்தார். வலது கையில் கிளாஸைப் பிடித்தேன். ஒன்று, இரண்டு, ஐந்து. நுரை அடங்கிக்கொண்டே இருந்தது, புதுப் போத்தல் உடைத்துக்கொண்டே இருந்தோம். ஸ்டூடியோக்காரர் சலித்துக்கொண்டார். "என்னம்மா, மருந்துக் குப்பி நீட்டற மாதிரி இருக்கு. போன படத்துல அந்தக் கை எவ்வளவு அழகா இருந்துச்சு!"

ஏழாவது தடவை கிளாஸ் வழுக்கி உடைந்தது.

கீழே குனிந்து கண்ணாடி பொறுக்கினேன். குலசிங்கமும் குனிந்தார்.

"கவனம் அம்மா, வெட்டிப்போடும். இடக்கையால பொறுக்கிறியள்."

பொறுக்கியதைத் தாளில் கொட்டினேன். பிறகு கேட்டேன். "அந்த லியோங்குக்குக் குழந்தைகள் இருக்கா?"

"ரெண்டு. ஏன்?"

உள்ளே போய் டைரியை எடுத்து வந்தேன். போட்டோவை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். இடது கையில் கிளாஸும், தூக்கிய பல்லுமாக நான். மாராப்பு இடது தோளில், போட வேண்டிய தோளில்தான் கிடக்கிறது. படம் திருப்பினது இல்லை. மேல் தட்டிலிருந்து ஒரு கிளாஸை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். ஒட்டகச்சிவிங்கி வலது பக்கம் பார்த்தது. போட்டோவிலும் வலது பக்கம்.

"நான் இடது கைக்காரி. சொன்னது பொய்" என்றேன்.

அவர் கிளாஸையும் போட்டோவையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"அந்த மனுசன்ர வேலை போகுது அம்மா. பத்து நாள்தான் கிடக்கு. நான் எழுதின கடிதத்தால போகுது. விளங்குதே? நானெல்லோ கையெழுத்து வச்சது!"

"விளங்குது. அதனால்தான் கொடுக்கிறேன். நான் சொன்னதாகவே எழுதுங்கள். படத்தையும் வைத்து ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புங்கள்."

"அப்ப ஏஜென்சி?"

"போகட்டும்" என்றேன். பெருந்தன்மை ஒன்றும் இல்லை. போர்டின் வெள்ளைப் பட்டையைப் பார்க்காமல் மீதிக் கண்ணாடியைப் பொறுக்கினேன்.

போட்டோவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு விடை சொல்லாமல் போய்விட்டார். வழக்கமாகக் குடிக்கிற டீயையும் குடிக்கவில்லை.

செப்டம்பர் 21, வெள்ளி

அவர் குடிக்காமல் விட்டுப் போன டீயைக் கொட்டிவிட்டுக் கோப்பையைக் கழுவினேன். நேற்றே கழுவியிருக்கலாம்.

செப்டம்பர் 23, ஞாயிறு

சடையப்பன் பேத்திக்குக் காது குத்து. சாமான் என் கடையிலிருந்து. நானே லாரியோடு போனேன். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி கடத்துகிறேனா என்று சோதனைச் சாவடியில் அரை மணி நேரம் மூட்டையைக் குத்திக் குத்திப் பார்த்தார்கள்.

பந்தலில் ஆட்டுக்கறி விருந்து. வரிசையாக வாழை இலை. ஆண்கள் பந்தியில் ஆளுக்கொரு கிளாஸ், மயில் சாப்பு. நான் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருஷமாக எத்தனை பந்தி பார்த்திருக்கிறேன்! கண் என்று ஒன்று எதற்கு இருக்கிறது?

"கங்காணி, அப்படியே இருங்க, அசையாதீங்க" என்றேன்.

அவர் கிளாஸை வாயருகே வைத்தபடி முழித்தார். "என்னா தாயி, தேள் ஏதும் இருக்கா?"

"எந்தக் கையால குடிக்கிறீங்க?"

பந்தி முழுக்கத் தன் தன் கையைப் பார்த்துக்கொண்டது. முப்பது ஆம்பிள்ளை, முப்பது இடது கை.

"சோத்துக்கை எச்சியா இருக்கே" என்றார் சடையப்பன். "கறிக்கையால கிளாஸ எடுத்தா வழுக்காதா?"

"அதைத்தான் என் போர்டுல போட்டிருக்கு. அதுக்குப் போய்க் கம்பாலத் தட்டினீங்க."

பெண்கள் பக்கம் கொல்லென்று சிரிப்பு. ஆனால் சடையப்பன் சாமானியப்பட்டவர் இல்லை. கிளாஸைக் கீழே வைத்தார்.

"குடிக்கிறது வேற, குடுக்கிறது வேற. போர்டுல நீட்டுறா. சோத்துக்கை சுத்தமா சும்மா இருக்கையில பீச்சாங்கையால ஏன் நீட்டுறா?"

நியாயமான கேள்வி. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"அவ யாருக்கு நீட்டுறா? யாருக்கும் நீட்டல. அவளும் பந்தியில உக்காந்து கறிச்சோறு திங்கிறா. கிளாஸத் தூக்கிக்கிட்டு இருக்கா. அவளேதான் குடிக்கப் போறா!"

 பேச்சாயி கரண்டியைப் பாத்திரத்தில் போட்டு அடித்தாள். "அப்படிப் போடு அக்கா! நாங்க மட்டும் வெயில்ல வேகலையா?"

பெண்கள் போட்ட கூச்சலில் காது குத்த வந்த ஆசாரி ஊசியை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டார்.

"வளையல் போட்டவ குடிக்கிறாளா? கலி முத்திருச்சு" என்றார் சடையப்பன். ஆனால் மீசைக்குக் கீழே சிரிப்பை அடக்க முடியவில்லை. "யாரு தாயி அந்தப் பொம்பள? யாரு கை அது?"

பொய் சொல்ல இன்னொரு இடம் வந்தது. நல்ல வேளை, சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

"என் கைதான்" என்று தூக்கிக் காட்டினேன். வளையலை மேலே தள்ளித் தழும்பையும் காட்டினேன். "நான் இடது கைக்காரி கங்காணி. இருபது வருஷமா உங்களுக்கெல்லாம் வலது கையால வடையும் சாமானும் குடுத்துக் குடுத்து எனக்குத் தோள் வலி."

சடையப்பன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பந்திப் பக்கம் திரும்பி, "என்னா வேடிக்கை? சோத்தத் தின்னுங்கடா" என்றார். அவ்வளவுதான். என்னை ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் ஒரு இலை போடச் சொன்னார்.

செப்டம்பர் 24, திங்கள்

மேனேஜருக்கு நானே தமிழில் ஒரு கடிதம் எழுதித் தபாலில் சேர்த்தேன். மொழிபெயர்க்க ஆள் அங்கே இருப்பார்கள். எழுதியதன் சாரம்:

பொய் சொன்னது நான், லியோங் அல்ல. ஏஜென்சியை நீங்கள் யாருக்குக் கொடுத்தாலும் சரி, கையை மட்டும் மாற்றாதீர்கள். நாங்கள் சாப்பிடுவது வலது கையால், சாப்பிடும்போது கிளாஸை எடுப்பது இடது கையால். உங்கள் போர்டில் குறை கையில் இல்லை. சோறு இல்லாததுதான் குறை. கீழே ஒரு வாழை இலையும் ஆட்டுக்கறியும், அதில் இன்னொரு கையும் வரையச் சொல்லுங்கள். மேலே இந்த வரியைப் போடுங்கள்: *ஒரு கை சோற்றில், மற்றக் கை ஒட்டகச்சிவிங்கியில்.* வரைவது லியோங்காக இருக்கட்டும். அந்தக் கை கிளாஸை நீட்டியதைப் பார்த்தவர் அவர் ஒருத்தர்தான்.

அக்டோபர் 1, திங்கள்

பதில் இல்லை. மாதம் முடிந்துவிட்டது. லியோங் என்ன ஆனார் என்று தெரியவில்லை. வேன் சத்தம் கேட்டால் எட்டிப் பார்க்கிறேன். பார்த்தால் ரொட்டி வேன்.

அக்டோபர் 9, செவ்வாய்

குலசிங்கம் வந்தார். கதவருகிலேயே நின்றார். நானும் கணக்கப்பிள்ளை மாதிரி எதையோ பார்த்துக்கொண்டு நின்றேன்.

"லியோங்கை எடுத்தாச்சு" என்றார்.

"எடுத்தாச்சு என்றால்? வெளியிலா, உள்ளேயா?"

"உள்ளுக்குத்தான் அம்மா! வேலை இருக்கு. மேனேசர் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டவராம். அந்தப் படத்தை மேசையில வச்சவுடன எல்லாம் முடிஞ்சுது."

முதுகில் ஏற்றி வைத்திருந்த மூட்டை ஒன்று இறங்கியது. முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"உங்கட விசயம் கேக்கேல்லையே?"

"சொல்லுங்கள்."

"பொய் சொன்ன ஆளுக்கு ஏஜென்சி குடுக்கேலாது எண்டுதான் மனுசன் முதல் சொன்னவர். பிறகு உங்கட கடிதத்தில இருந்த அந்த ஒரு வரியை மொழிபெயர்க்கச் சொல்லி மூண்டு தரம் கேட்டவர். கம்பெனியில சம்பளத்துக்கு இருக்கிற ஆக்களுக்கு இந்த வரி ஏன் வரேல்லை எண்டு சத்தம் போட்டவராம்." அவர் முகம் இப்போதுதான் இளகியது. "பீடோர் பக்கம் வேற ஆளுக்குப் போயிட்டுது. தாப்பா எஸ்டேட்டுகள் உங்களுக்கு. முதல் ஆறு மாசம் பாப்பினமாம்."

பாதி. பரவாயில்லை, பாதிக்கே என் வண்டி போதாது.

"டீ குடிக்கிறீர்களா?"

"அண்டைக்குக் குடிக்காமப் போனது இன்னும் மனசில கிடக்கு" என்றார்.

டீயை நீட்டினேன். நீட்டிய பிறகுதான் எந்தக் கை என்று பார்த்தேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார், லியோங் மாதிரி.

போட்டோவைத் திரும்பக் கேட்டேன். "ஒஃபீசில கிடக்கும், பிறகு எடுத்துத் தாறன்" என்றார். சட்டைப்பையில் ஏதோ உறை துருத்திக்கொண்டிருந்தது. நான் மேலே கேட்கவில்லை.

அக்டோபர் 15, திங்கள்

சடையப்பன் ஆள் அனுப்பினார். தீபாவளிக்கு ஒட்டகச்சிவிங்கி இருபது பெட்டி. பொம்பளைகள் முன்னால் 'பீச்சாங்கை' என்று சொல்லக் கூடாது, 'மத்தக்கை' என்றுதான் சொல்ல வேண்டும் என்று எஸ்டேட்டில் உத்தரவு போட்டிருக்கிறாராம். இன்று காலையிலிருந்து வருகிறவன் எல்லாம் "மத்தக்கை ரெண்டு" என்கிறான். காது சுடவில்லை.

அக்டோபர் 22, திங்கள்

தீபாவளிக்குப் பத்து நாள். புதிய போர்டுகள் வந்தன.

லியோங் இலையை வரைந்திருக்கிறார் பாருங்கள், கறியில் எண்ணெய் மிதப்பதுகூடத் தெரிகிறது. ஒரு கை சோற்றைப் பிசைகிறது, மற்றக் கை கிளாஸைத் தூக்கியிருக்கிறது. இந்த முறை கூடுதல் வளையல் இல்லை. மணிக்கட்டில் தழும்பு இருக்கிறது. சின்னதாக, தேடினால் தெரிகிற மாதிரி.

கீழ்ப் பட்டையில் நீல எழுத்து: *சப்-ஏஜெண்ட்: நாகரெத்தினம், தாப்பா.*

'ரத்தினம்' இல்லை, 'ரெத்தினம்'. குலசிங்கம் தலையில் கை வைத்துக்கொண்டார். "திருப்பி அனுப்புவமே? இது உண்மையாவே அச்சுப் பிழை!"

"வேண்டாம். ஒரு கொம்பு கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள். இருந்துவிட்டுப் போகட்டும்" என்றேன்.

வீராசாமி போர்டைக் கழற்றித் துடைத்து உள்ளே சாமி மாடத்துக்குக் கீழே வைத்தேன். நல்ல மனிதர். ஒன்பது வருஷம் என்னைத் தாங்கினார். புதியதை நானே ஏணியில் ஏறி அடித்தேன். குலசிங்கம் ஏணியைப் பிடித்துக்கொண்டார். ஆணி வலது கையில், சுத்தியல் இடது கையில். நாலு அடியில் நாலு ஆணியும் இறங்கின. பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேரும் பார்த்தார்கள். பேச்சாயி கீழிருந்து கத்தினாள்: "நேரா இருக்கு அக்கா! எறங்கி வந்து ஒரு மத்தக்கை எடு!"

அவள் காசை நீட்டியதைப் பார்த்தேன். இடது கை. நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். "நானும்தான்" என்றாள், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. "மரத்துக்கிட்ட மட்டும் வலது."

இத்தனை நாள் வாய்க்குப் பூட்டில்லை என்று நினைத்திருந்தேன்.

இன்றைய பக்கத்தை இடது கையால் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் விரலைக் கட்டிப் போட்டதற்குப் பிறகு இதுதான் முதல் தடவை. எழுத்து கோழி நடந்த மாதிரி இருக்கிறது. எழுத எழுத மையெல்லாம் கைப்புறத்தில் அப்பிக்கொள்கிறது.

சோப்புப் போட்டால் போய்விடும்.